பாணும் மேசையும்
இத்தாலிய உணவுச்சாலையிற் கூடியுண்ணும் கலை

காலையிலே கடையிற் பாண் வாங்கி வந்து, குசினிக்குள் மேசையருகே கதிரையை இழுத்துப் போட்டு உண்ண அமரும் நம்மவர் ஒருவர், இலத்தீன் மொழியின் பேரப்பிள்ளைகள் நால்வரோடு தம் நாளைத் தொடங்குகின்றோம் என எண்ணிப் பார்ப்பதில்லை. பாண், குசினி, மேசை, கதிரை என்னும் நான்கு சொற்களும் போர்த்துக்கேயர் வழியாக ஈழத்துத் தமிழிற் புகுந்தவை. போர்த்துக்கேய மொழியோ இலத்தீனின் மகள். அத்தாயின் மற்றொரு மகளாகிய இத்தாலிய மொழியிற் பாணுக்குப் பெயர் பானே. குசினிக்குப் பெயர் குச்சீனா. பலர் கூடியுண்ணும் பொது உணவு மண்டபத்துக்குப் பெயர் மென்சா. வகுப்பறையில் ஆசிரியர் அமரும் ஆசனத்துக்குப் பெயர் காத்தெத்ரா. நம்முடைய கதிரைக்கும் அந்த ஆசிரிய பீடத்துக்கும் மூதாதை ஒருவரே என்பது ஆசிரியப் பெருமக்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகலாம்.

இந்த உறவுமுறையில் இன்னுமொரு சொல் உண்டு. தோழன் என்பதற்கு இத்தாலியர் வழங்கும் சொல் கொம்பாஞ்ஞோ. பிற்கால இலத்தீனில் எழுந்த இச்சொல்லைப் பிரித்துப் பார்த்தால், 'கூட' என்று பொருள்தரும் கும் என்னும் சொல்லும், 'பாண்' என்று பொருள்தரும் பானிஸ் என்னும் சொல்லும் வெளிப்படும். உடனிருந்து பாண் உண்பவன் எவனோ அவனே தோழன் என்பது அதன் கருத்து. ஒருவன் தனித்திருந்து அறுசுவை உண்டாலும் அவனுக்குத் தோழன் இல்லை. பலர் கூடிக் காய்ந்த பாணைப் பிட்டுத் தின்றாலும் அங்கே தோழமை உண்டு.

இத்தாலிய உணவுச்சாலையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் பண்டங்களின் பெயர்களையே அடுக்கிச் செல்வர். பண்டங்கள் சுவையுடையனவே, அதனை மறுப்பாரில்லை. ஆயினும் அச்சாலையினுள் நுழைபவர் முதலிற் காண வேண்டியது தட்டினை அன்று, மேசையினை. பலர் கூடி, உரத்துப் பேசி, நெடுநேரம் இருந்து உண்பதற்கென்றே அம்மக்கள் பல நூற்றாண்டுகளாகச் செப்பனிட்டு வைத்த ஓர் ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டை விளங்கிக்கொண்டால், அங்குள்ள ஆரவாரம் ஆரவாரமாகத் தோன்றாது.

கட்டுச்சோறும் ஒஸ்தெரீயாவும்

இத்தாலியில் உணவுச்சாலைகளுக்குப் பெயர்கள் பல. அவற்றுட் பழமையானது ஒஸ்தெரீயா. விருந்தளிப்பவனையும் விருந்துண்பவனையும் ஒருங்கே குறித்து நின்ற ஹொஸ்பெஸ் என்னும் இலத்தீன் சொல்லின் வழித்தோன்றல் அது. கொடுப்போனுக்கும் கொள்வோனுக்கும் ஒரே பெயரை வைத்த மொழியின் பெருந்தன்மை எண்ணி இன்புறத்தக்கது. அடுத்தது திராத்தொரீயா, ஒரு குடும்பத்தாரே பெரும்பாலும் நடத்தும் எளிய சாப்பாட்டுக் கடை. மூன்றாவது றிஸ்தொராந்தே, இது பதினெட்டாம் நூற்றாண்டிற் பாரிஸ் நகரிலே தோன்றிப் பின்னர் உலகெங்கும் பரவிய நாகரிக போசனசாலையின் இத்தாலிய வடிவம். தனித்தனி மேசையும், வெள்ளை விரிப்பும், தாழ்ந்த குரலும் இதற்குரியன. கூட்டமாகச் செல்வோர் நாடுவது பெரும்பாலும் முன்னைய இரண்டையுமே.

பழைய ஒஸ்தெரீயா மதுச்சாலையாகவே இருந்தது. சில இடங்களில் உணவே கிடையாது. பொலோஞ்ஞா நகரில், பெருஞ்சதுக்கத்தை அடுத்த சந்தைச் சந்துகளுள் ஒன்றில், 'ஒஸ்தெரீயா தெல் சோலே' என்னும் சாலை 1465ஆம் ஆண்டு தொட்டு வழங்கி வருகின்றது. 'ஞாயிற்றின் சாலை' எனத் தமிழில் அதனைச் சொல்லலாம். அங்கே முந்திரிகை மதுவும் பிற பானங்களுமே விற்பனைக்குண்டு. உண்பதற்கு வேண்டியவற்றை வருவோரே பக்கத்துக் கடைகளிற் கடதாசியிற் பொதிந்து வாங்கி வந்து, நீண்ட மரமேசைகளில் விரித்து வைத்து உண்பர். ஒருவர் பாற்கட்டி கொண்டு வருவார். மற்றொருவர் பாண் கொண்டு வருவார். பக்கத்தில் அமர்ந்திருக்கும் முன்பின் அறியாத மாணவன் ஒருவன் ஒலிவக்காய்ப் பொதியை நடுவிலே தள்ளிவிடுவான். ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகமெனப் போற்றப்படுவது அந்நகரிலேயே இருப்பதால் மாணவர்க்கு அங்கே குறைவில்லை.

உரோமாபுரியிலும் இவ்வழக்கம் இருந்தது. விடுமுறை நாளில் நகரத்து ஏழைக் குடும்பங்கள் தம் உணவைத் துணியிலே முடிந்து எடுத்துக்கொண்டு ஒஸ்தெரீயாக்களுக்குச் செல்வர். மதுவை மட்டும் அங்கே வாங்குவர். மேசையும் நிழலும் கடைக்காரன் தருவது. அந்த முடிச்சுக்குப் பகொத்தோ என்று பெயர். ஆதலால் அவர்களைப் பகொத்தாரி என்றனர். நம்மவர் கோயில் யாத்திரைக்குக் கட்டிச் செல்லும் கட்டுச்சோற்றை நினைவூட்டும் இவ்வழக்கத்திலே ஓருண்மை புலப்படுகின்றது: உணவு வீட்டிலும் உண்டு, வீட்டில் இல்லாதது ஊராரோடு கூடியிருக்கும் மேசையே. அந்த மேசையைத் தேடியே அவர்கள் சென்றனர்.

ஞாயிறு மதியம்

இனி, இக்காலத்துத் திராத்தொரீயா ஒன்றினை ஞாயிற்றுக்கிழமை மதியத்திற் காண்போம். பிள்ளைக்கு ஞானஸ்நானம், முதல் நன்மை, பாட்டியின் பிறந்தநாள், மகனின் பல்கலைக்கழகப் பட்டம், உதைபந்தாட்டக் குழுவின் வெற்றி என ஏதாவதொரு காரணம் இருக்கும். காரணம் இல்லாவிடின் ஞாயிற்றுக்கிழமை என்பதே காரணம். இருபது பேருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பர். சிறு மேசைகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்டதொரு மேசையாகும். மேசைக்குத் தாவொலா என்று பெயர். அதனைச் சுற்றி அமர்ந்த கூட்டம் முழுவதையும் ஒரே சொல்லாற் குறிக்கத் தாவொலாத்தா என்றொரு சொல் அம்மொழியில் உண்டு. மேசை உயிர்பெற்று மனிதராவது போன்ற அருமையான சொல் அது.

தொண்ணூறு வயது மூதாட்டியும் தொட்டிற் குழந்தையும் அந்த ஒரே மேசையில் இருப்பர். குழந்தை அழுதால் எவரும் முகஞ்சுளியார்; அடுத்த மேசைக்காரர் அதற்கு வேடிக்கை காட்டுவார். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பது அங்கே மரியாதையன்று. ஆர்வமின்மையாகவே அது கொள்ளப்படும். கைகள் பேசும், புருவங்கள் பேசும். பரிசாரகர் தட்டுக்களை முழங்கையின்மீது அடுக்கிக்கொண்டு குசினிக்கும் மேசைக்குமாக ஓடுவார். ஓடும்போதே இரண்டு விவாதங்களிலே தம் கருத்தையும் சொல்லிச் செல்வார். அமைதியான சூழலை விரும்புவோர்க்கு இது ஏற்ற இடமன்று. ஆனால் ஓசைக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு.

அவ்வொழுங்கு உணவு வரும் முறையிலே அமைந்திருக்கின்றது. முதலில் வருவது அந்திப்பாஸ்தோ, உணவுக்கு முன்னுணவு. எண்ணெயிலிட்ட காய்கள், ஒலிவக்காய், உப்பிட்டு உலர்த்திய இறைச்சி, பாற்கட்டி முதலியன பெருந்தட்டுக்களில் நடுவே வைக்கப்படும். எல்லாரும் கைநீட்டி எடுக்க வேண்டியிருத்தலால், முகமறியாதவரும் 'அதனை இப்பக்கம் தாரும்' என்று பேசத் தொடங்கிவிடுவர். அடுத்தது பிறீமோ, அதாவது முதலாவது: பாஸ்தா, சோறு, அல்லது சூப்பு. அதன்பின் செக்கொந்தோ என்னும் இரண்டாவது: மீன் அல்லது இறைச்சி. அதன் பக்கத்துணையாகக் கொந்தோர்னோ என்னும் மரக்கறி. பின்னர்ப் பழமும் இனிப்பும். ஈற்றிலே சின்னஞ்சிறு கிண்ணத்தில் கறுத்துச் செறிந்த கோப்பி. பால்நுரை ததும்பும் கப்புச்சீனோவை மதிய உணவின் பின்னர்க் கேட்பவரை அந்நியர் என்று உடனே அறிந்துகொள்வர். அது அவர்களுக்குக் காலைப் பானம்.

புலால் உண்ணாதார் இம்மேசையிற் பட்டினி கிடக்க நேராது. பயற்றினத்தோடு சமைத்த பாஸ்தா, தக்காளியும் துளசியினத்து இலையும் சேர்ந்த குழம்பு, வாட்டிய கத்தரிக்காய், ஒலிவ எண்ணெயில் வதக்கிய கீரை என அவர்க்குரியன பல. இறைச்சி அரிதாயிருந்த காலத்தில் ஏழைகள் தோட்டத்தை நம்பிச் சமைத்ததன் பயன் அது.

இவ்வரிசையை உண்டிப் பெருக்கம் என்று மட்டும் கருதுவது பொருந்தாது. ஒன்றுக்கும் அடுத்ததற்குமிடையே உள்ள வெறும் நேரமே அதன் உயிர்நாடி. பிறீமோ முடிந்து செக்கொந்தோ வருமுன், தட்டுக்கள் எடுக்கப்பட்டு மேசை வெறுமையாயிருக்கும் அந்தக் காலப்பகுதியில் ஒருவரையொருவர் பார்ப்பதன்றி வேறு வேலை இல்லை. சண்டையிட்ட சகோதரர் பேசத் தொடங்குவதும், பெண்கேட்கும் கதை மெல்ல எழுவதும், தாத்தா பழைய போர்க்காலத்தை நினைவுகூர்வதும் அந்த இடைவெளியிலேதான்.

நமது பந்தியை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பந்தியில் நாம் வரிசையாக அமர்கின்றோம். நம் முகம் பரிமாறுவோரை நோக்கியிருக்கும். உபசரிப்பே அங்கு தலையாயது. உண்டு முடிந்ததும் அடுத்த பந்திக்கு இடங்கொடுத்து எழுவதே பண்பு. இத்தாலிய மேசையில் எதிரெதிரே அமர்கின்றனர்; முகம் முகத்தை நோக்கியிருக்கும். உரையாடலே அங்கு தலையாயது. எழுந்திருக்க எவரும் அவசரப்படுத்தார். இரண்டும் கூடியுண்ணும் முறைகளே. ஒன்று ஊரையே உண்பிக்க எழுந்தது. மற்றது இருந்தவரை ஒன்றாக்க எழுந்தது.

குசினியின் கணக்கு

இருபது பேர் கூடிய மேசைக்கு இருபது வகைப் பாஸ்தா கேட்பது அறியாமை. பாஸ்தா காத்திருக்காத பண்டம். கடித்தால் உள்ளே சிறிது உறுதி தட்டுப்படும் பதத்தில் அதனை இறக்க வேண்டும். இரண்டு நிமிடம் தாமதித்தாற் குழைந்துவிடும். வழக்கமான அளவு, நூறு கிராம் பாஸ்தாவுக்கு ஓர் இலீற்றர் தண்ணீரும் பத்துக் கிராம் உப்பும். ஆளுக்கு நூறு கிராம் எனக் கொண்டால், இருபது பேருக்கு 2 கிலோகிராம் பாஸ்தா, 20 இலீற்றர் கொதிநீர், 200 கிராம் உப்பு வேண்டும். அத்தனையும் ஒரே வேளையிற் பதமாகி, வடிக்கப்பட்டு, குழம்பிற் புரட்டப்பட்டு, சூடாறுமுன் இருபது தட்டுக்களிலும் விழவேண்டும். ஆகவே அனுபவமுள்ள கூட்டத்தார் ஒருவகை, மிஞ்சினால் இருவகையோடு நிறுத்திக்கொள்வர். 'எனக்கு இதுதான் வேண்டும்' என்னும் தனிவிருப்பம் 'நமக்கு எது நல்லது' என்னும் பொதுவிருப்பத்துக்கு வழிவிடும் முதல் இடம் அது. குடியாட்சியைப் பற்றி வகுப்பறையிற் கற்பிப்போர் இம்மேசையை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

தட்டில் எஞ்சிய குழம்பைப் பாண் துண்டினால் ஒற்றி எடுத்துண்பதற்குச் 'சிறு சப்பாத்து' என்று பொருள்படும் ஸ்கார்ப்பெத்தா என்னும் பெயர் உண்டு. நாகரிக விருந்துகளில் அது தகாத செயல். திராத்தொரீயாவில் அதுவே சமையற்காரருக்குச் செய்யும் பாராட்டு.

ஈற்றிற் கணக்குச் சீட்டு வரும். பல சாலைகளிற் பாணுக்கும் மேசை விரிப்புக்குமாக ஆளொன்றுக்கு ஒரு சிறுதொகை அதிற் சேர்ந்திருக்கும். அதற்குக் கொப்பேர்த்தோ என்று பெயர். கூட்டமாக உண்டவர் அவரவர் உண்டதைத் தனித்தனியே கணக்கிடுவதில்லை. மொத்தத்தை ஆட்தொகையாற் பிரித்துச் சமமாகக் கொடுப்பர். இதற்கு 'உரோமாபுரி முறையிற் கொடுத்தல்' என்று பெயர். குறைய உண்டவர் சற்று மிகுதியாகக் கொடுக்க நேரலாம். ஆயினும் மூன்று மணிநேரம் ஒன்றாயிருந்தவர் ஈற்றிலே சில்லறைக்காகப் பிரிந்து நிற்பது அழகன்று என்பது அவர்கள் எண்ணம்.

ஏழைகள் சமைத்த பெருமை

இன்று உலகம் முழுவதும் விரும்பி உண்ணும் இவ்வுணவுகளிற் பெரும்பகுதி வறுமையிற் பிறந்தது. உரோமாபுரியில் தெஸ்தாச்சோ என்றொரு தொழிலாளர் பகுதி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஈற்றிலே அங்கே நகரத்தின் பெரிய கொல்களம் அமைக்கப்பட்டது. 1975இல் அது மூடப்பட்டது. அங்கு வேலை செய்தோர்க்குக் கூலியின் ஒரு பகுதி பணமாகவன்றி, செல்வர் விரும்பாத குடல், ஈரல், வால் முதலியனவாகக் கிடைத்தது. விலங்கின் நான்கு கால்பங்கும் செல்வர் வீடுகளுக்குப் போனபின் எஞ்சிய இதனை 'ஐந்தாவது கால்பங்கு' என்று அவர்கள் வேடிக்கையாக அழைத்தனர். அதனை எடுத்துக்கொண்டு அயலிலிருந்த ஒஸ்தெரீயாக்களுக்குச் சென்றனர். கடைக்காரப் பெண்கள் தக்காளியும் செலரியும் சேர்த்து, மணிக்கணக்கில் மெல்லிய தீயில் வேகவைத்து, மாட்டுவாலினின்றும் ஓர் அரிய உணவை ஆக்கினர். இல்லாதவர் மேசையில் எழுந்த அவ்வுணவு இன்று உரோமாபுரியின் பெருமைகளுள் ஒன்று.

இத்தாலி ஒரே அரசாக உருவானது 1861இல். அதற்குப் பின்னரும் ஊருக்கொரு பேச்சு, ஊருக்கொரு சமையல். பெல்லெகிரினோ அர்தூசி என்னும் வணிகர் ஒருவர் 1891இற் புளோரன்ஸ் நகரிலே தம் சொந்தப் பணத்திற் சமையல் நூலொன்றை வெளியிட்டார். முதற்பதிப்பில் 475 பாகங்கள் இருந்தன. பின்னைய பதிப்புகளில் அவை 790 ஆகப் பெருகின. நூலைப் படித்த இல்லத்தரசியர் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் தத்தம் வீட்டுமுறைகளைக் கடிதத்தில் எழுதி அவருக்கு அனுப்பினர். நூல் அவ்வாறே வளர்ந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கொண்டுவந்து நடுவில் வைக்கும் ஒஸ்தெரீயா மேசை ஒன்று நூல்வடிவம் பெற்றதென அதனைக் கூறலாம். வீடுதோறும் பரவிய அந்நூல், பிரிந்துகிடந்த மக்களுக்குப் பொதுவானதோர் உரைநடையையும் பழக்கிற்று என்பர் இலக்கிய வரலாற்றார்.

போறணையும் ஒரு மீற்றர் பீற்சாவும்

பாண் சுடும் அடுப்பைப் போறணை என்கின்றோம். இதுவும் போர்த்துக்கேயர் தந்த சொல். இத்தாலியில் அது போர்னோ. நேப்பிள்ஸ் நகரத்துப் போறணையில் 430 பாகை முதல் 485 பாகை சென்ரிகிரேட் வரை வெம்மை ஏறும். அதனுள் பீற்சா 60 விநாடி முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடும். இக்கைத்திறனை 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

பீற்சா ஆளுக்கொன்றாக உண்ணும் பண்டம். கூடியுண்ணும் நாட்டம் அதனையும் விட்டுவைக்கவில்லை. நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே கடலோரத்தில் வீக்கோ எக்குவென்சே என்னும் ஊர் உண்டு. அங்கே லூயிஜி தெல்லாமூரா என்பவர், வட்டத்தைக் கைவிட்டுப் பீற்சாவை நீளமாகச் சுட்டு, துணி அளந்து விற்பதுபோல மீற்றர்க் கணக்கில் விற்கத் தலைப்பட்டார். ஒரு மீற்றர் நீளப் பீற்சா மேசையின் நடுவே கிடக்க, சுற்றியிருப்போர் இருபுறமிருந்தும் துண்டு துண்டாக எடுத்துண்பர். நூற்றுக்கணக்கானோர் ஒரே வேளையில் அமரக்கூடிய அச்சாலைக்குப் 'பீற்சாப் பல்கலைக்கழகம்' என்று பெயர் வழங்குகின்றது. அங்கே நுழைவுத் தேர்வு இல்லை. கூட்டமாக வருதலே தகுதி.

கடல் கடந்த மேசை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1920கள் வரை நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களிற் பெரும்பாலார் தென்னிலத்து ஏழை உழவர். தாய்நாட்டிலே இறைச்சி அவர்க்குத் திருவிழாப் பண்டம். அமெரிக்காவிலோ தொழிற்சாலைக் கூலியில் அதனை வாரந்தோறும் வாங்க முடிந்தது. தாய்நாட்டில் ஒன்றாகப் பரிமாறப்படாத ஸ்பகெத்தியும் இறைச்சி உருண்டையும் அங்கே ஒரே தட்டிற் சேர்ந்தன. உருண்டைகளின் அளவும் பெருத்தது. பசித்திருந்த மக்கள் வயிறார உண்ணத் தொடங்கியதன் அடையாளம் அது.

1906ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரில் லூயிசா லியோன் என்னும் இத்தாலியப் பெண்மணி, இருபது பேர் அமரக்கூடிய சிறு உணவுச்சாலையொன்றைத் தம் இல்லத்தில் ஆரம்பித்தார். 'மம்மா லியோன்' என்னும் பெயரில் அது வளர்ந்து, பல மண்டபங்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகளும் கொண்ட மாபெரும் சாலையாயிற்று, 1994இல் மூடப்பட்டது. பெருந்தட்டுக்களில் உணவை நடுவே வைத்து எல்லாரும் பகிர்ந்துண்ணும் 'குடும்ப முறை' அமெரிக்க நகரங்களின் இத்தாலியச் சாலைகளிற் பரவி, இன்று இத்தாலியர் அல்லாதாரும் பிறந்தநாளுக்கும் பள்ளி ஒன்றுகூடலுக்கும் நாடும் முறையாகிவிட்டது. வேற்றூரிற் கூலிகளாக இகழப்பட்ட மக்கள் அவ்வூராருக்குக் கூடியுண்ணக் கற்பித்தனர் என்பது வரலாற்றின் இனிய முரண்.

மேசைக்கு வந்த சோதனை

இம்மேசைக்குச் சோதனைகளும் வந்தன. 1986இல் உரோமாபுரியின் அழகிய ஸ்பானியப் படிக்கட்டுக்கு அருகே அமெரிக்க விரைவுணவுக் கடையொன்று திறக்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. கார்லோ பெத்ரீனி என்னும் எழுத்தாளரும் அவர்தம் நண்பரும் அங்கே கூடியோர்க்குப் பாஸ்தாவைக் கிண்ணங்களில் வழங்கித் தம் கருத்தைத் தெரிவித்தனர் என்பர். அதிலிருந்து 'மெல்லுணவு' இயக்கம் பிறந்தது. 1989இற் பாரிஸ் நகரிலே அதன் கொள்கை விளக்கம் வெளியாயிற்று. 1990 முதல் நாட்டின் சிறு ஒஸ்தெரீயாக்களைத் தேடிப் பதிவுசெய்யும் வழிகாட்டி நூலொன்றையும் அவ்வியக்கத்தார் வெளியிட்டு வரலாயினர். அவர்கள் காக்க விரும்பியது உணவை மட்டுமன்று, உண்ணும் நேரத்தையும்.

அதனினும் கொடிய சோதனை 2020இல் வந்தது. தொற்றுநோய் காரணமாக மார்ச்சு மாதத்தில் நாடு முழுவதும் உணவுச்சாலைகளில் அமர்ந்துண்ணுதல் தடைப்பட்டது. மே 18ஆந் திகதி கதவுகள் திறந்தன. ஆனால் மேசைகள் விலகி நின்றன. ஒக்ரோபர் 24ஆந் திகதி பிறந்த அரசாணை, ஒரே வீட்டில் வாழ்வோர் நீங்கலாக, ஒரு மேசைக்கு நால்வர்க்கு மேல் அமரலாகாது என்று வரையறுத்தது. இருபதின்மர் இருந்த இடத்தில் நால்வர்! நோயைத் தடுக்க அது வேண்டியதாயிற்று, அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் அந்நாட்களிற் சமையலுக்குக் குறைவில்லை. பொதிந்து வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் வழியிருந்தது. பாஸ்தாவும் பாற்கட்டியும் முன்போலவே சுவைத்தன. இழந்ததோ மேசை ஒன்றே. பகொத்தாரிகள் துணிமுடிச்சோடு தேடிச் சென்றதன் விலை என்னவென்பது அப்போதே பலர்க்கும் விளங்கிற்று.

குசினிக்குள் இருப்போர்

மேசையைப் புகழ்ந்த நாம் குசினிக்கதவையும் திறந்து பார்த்தல் கடமையாகும். இலங்கையர் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் இத்தாலியில் வாழ்கின்றனர். வீட்டுப்பணி, முதியோர் பராமரிப்பு, உணவுச்சாலைக் குசினி ஆகியவற்றில் உழைப்போர் அவருட் பலர். சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவில் 1980கள் முதல் நம் தமிழ் மக்களும் குடியேறி வாழ்கின்றனர். அந்நகரின் காவற்புனிதையான ரொசாலியாவின் திருத்தலம் அமைந்த பெல்லெகிரினோ மலைக்குக் கத்தோலிக்கரோடு சைவரும் ஏறிச்சென்று வணங்குவது அந்நகர மக்கள் யாவரும் அறிந்த காட்சி.

இருபது பேர் ஞாயிறு மதியம் ஆரவாரித்து உண்ணும்போது, உள்ளே கொதிநீர் ஆவியில் நின்று தட்டுக்களைத் துலக்குபவர் நீர்கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்தவராக இருக்கக்கூடும். அவருடைய ஞாயிற்றுக்கிழமை எங்கே? அவருடைய தாவொலாத்தா எங்கே? பிறர் கூடியுண்பதற்காகத் தம் குடும்பத்தோடு கூடியுண்ணும் நாளை விற்றவர் அவர். இது இத்தாலியர்க்கு மட்டும் உரிய குறையன்று. விருந்தென்பது எங்கு நடந்தாலும் அதன் பின்னே உண்ணாது நிற்பவர் சிலர் இருப்பர். நம் வீட்டு விருந்துகளில் எல்லாரும் உண்டபின் ஆறிய சோற்றோடு அடுப்பங்கரையில் அமரும் தாய்மாரையும் இங்கே நினைத்துக்கொள்வோமாக. அமெரிக்காவிற் கூலிகளாக இகழப்பட்ட இத்தாலியரின் பேரர், இன்று தம் குசினிகளுக்குள் நிற்பவரிலே தம் பாட்டன்மாரைக் காண்பரா என்பது அம்மேசையின் பண்பை அளக்கும் கேள்வி.

காண்போரும் உளர். 2015இல் மிலான் நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது, மொதெனா நகரத்துச் சமையற் கலைஞரான மாசிமோ பொத்தூரா, கத்தோலிக்க அறநிலையமொன்றோடு சேர்ந்து, நகரின் ஓரத்தில் ஒரு பழைய நாடக அரங்கை உணவு மண்டபமாக்கினார். பொருட்காட்சியில் மிஞ்சிய, எறியப்படவிருந்த உணவுப்பொருள்களைக் கொண்டு, பல நாடுகளினின்றும் வந்த புகழ்பெற்ற சமையற் கலைஞர் அங்கே சமைத்தனர். வீடற்றோரும் அகதிகளும் பெரிய மேசைகளைச் சுற்றி அமர்ந்து உண்டனர். கஞ்சித்தொட்டிக்கு முன் வரிசையில் நிறுத்தி ஊற்றும் முறை அங்கே இல்லை. மேசையில் அமர்த்திப் பரிமாறினர். பொருட்காட்சி முடிந்த பின்னரும் அம்மண்டபம் தொடர்ந்தது. பசித்தவனுக்குச் சோறு வேண்டும் என்பதை எல்லாரும் அறிவர். அவனுக்கு ஒரு கதிரையும் எதிரே ஒரு முகமும் வேண்டும் என்பதை உணர்ந்து செய்தமையே அங்கு சிறப்பு.

இத்தாலிய உணவுச்சாலையின் வாயிலில் நுழைவோரைப் பார்த்துப் பரிசாரகர் கேட்கும் முதற்கேள்வி ஒன்றுண்டு. என்ன உண்பீர் என்பதன்று அது. எவ்வளவு செலவிடுவீர் என்பதுமன்று. 'எத்தனை பேர்?' என்பதே அவர் கேட்பது. இருபது பேர் என்று சொன்னாலும் அவர் முகம் சுருங்காது. நிமிர்ந்து பார்த்து, மேசைகளை ஒட்டத் தொடங்குவார். இன்னும் இருவர் பிந்தி வருவார் என்றால், கதிரை இரண்டு கூடுதலாக வந்து சேரும்.